அம்மா ஆண்டவரோடு பேசாமலிருந்த மாதங்கள்

கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று இரண்டு தரம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தரம் போய்ப் பார்த்தால் தேவலை என்று கால் பரபரக்கிறது. என் வயசுக்காரர்களே, உங்களில் சிலருக்காவது இது புரியும். ஒரகடத்தில் வேலை செய்யும் மகன் போனை எடுக்காவிட்டால், என் கணக்கில் கம்பெனி பஸ் கவிழ்ந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனால், உள்ளே படுத்திருப்பது எங்கள் வீட்டு ஆள்தான். மருமகள் இதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொல்கிறாள். மாத்திரை இருக்கிறதாம். இருக்கட்டும். இது எனக்கு எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதிமூன்று வயசு நடந்த வருஷம் என் அம்மா ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அப்போது பிடித்தது.

அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால், ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஓட்டு வீடு. பின்னால் ஒரு பப்பாளி மரம், துணி துவைக்கிற கல். அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு தோல் ஷெட்டில் வேலை. சைக்கிளில் போய் வருவார். ஊறவைத்த தோலின் வாடை அவர் சட்டையில் இருக்கும், தலைமயிரில் இருக்கும், அவர் சாப்பிட்டு வைத்த தட்டில்கூட இருக்கும். சாயங்காலம் அவர் தெருமுனை திரும்புவதற்குள் வாடை முன்னால் வந்துவிடும். என் தம்பிக்கு அப்போது நாலு வயசு. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "நைனா வந்துட்ச்சி" என்று கத்திக்கொண்டு ஓடுவான். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிற வாடை அவனுக்கு மட்டும் பொட்டுக்கடலை உருண்டை வாடை.

கோயிலில் அவன் ஒரு இடத்தில் உட்காரமாட்டான். எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். ஐயர் பிரசங்கம் செய்யும்போது இவன் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போய் முன்வரிசையில் யாருடைய கால் கட்டைவிரலையாவது கிள்ளிவிட்டு வருவான். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பீப்பி வைத்திருந்தான். படப்பையில் அப்பா வாங்கிக் கொடுத்தது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு தரம் அதை ஊதிவிட்டான். அம்மா அடிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏரித் தண்ணீர் தெருவரைக்கும் வந்து, தரையில் ஈரம் ஏறி, விறகு எரியாமல் புகைந்துகொண்டிருந்த நாட்கள். ஆஸ்பத்திரியில் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். கோயிலிலும் எண்ணெய் பூசினார்கள், தலையில் கை வைத்தார்கள், பாடினார்கள். பெண்கள் சங்கத்துக்கு ஒரு டீச்சர் தலைவியாக இருந்தார். தெற்கேயிருந்து வந்து தாம்பரத்தில் குடியேறியவர், கஞ்சி போட்ட வாயல் புடவை, பவுடர் வாசனை, நல்ல கனத்த குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளை பிழைப்பான்னு ஆண்டவர் எனக்கு உணர்த்துறார்" என்றார். அம்மா அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டது போல வைத்திருந்தாள்.

தம்பி பிழைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரே சேறு. டீச்சர் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அம்மாவின் தோளில் வைத்தார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட நாம ஜெபிச்சிருக்கணும்மா" என்றார். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். இப்போது யோசித்தால் அது புரிகிறது. ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கிறவளுக்கு அதெல்லாம் புரியுமா? அம்மா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள்.

எங்கள் கோயிலில் திருவிருந்து நடக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறும் பண்டிகை நாட்களிலும் ஐயர் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து முன்னால் போய், மரக் கிராதியின் முன் வரிசையாக முழங்கால் போட்டுக் கையை நீட்டி வாங்குவார்கள். ஒரு பெஞ்சு எழுந்தால் மொத்தப் பெஞ்சும் எழும். ஒருத்தர் மட்டும் எழுந்திருக்காவிட்டால், மற்றவர்கள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ளவேண்டும். கோயில் மொத்தத்துக்கும் அது தெரியும்.

கிறிஸ்துமஸ் திருவிருந்தில் அம்மா முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். கோயிலுக்கு வருவாள், ஆனால் பாட்டுக்கு வாய் திறக்கமாட்டாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடமாட்டாள், எதிரே இருக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசனச் சட்டத்தைத் திருப்பி, அட்டைப் பக்கம் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டாள். அப்பா அதைத் தொடவில்லை. வீடு இடித்துக் கட்டியபோது அந்தச் சட்டம் எங்கே போனதோ தெரியவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாத்தனாரோடு சண்டை, மன்னிக்காமல் திருவிருந்து எடுக்கக்கூடாது என்று ஒதுங்கியிருக்கிறாள் என்றார்கள். யாரோ மந்திரித்த தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். கெட்ட ஆவி என்று ஒரு பேச்சு மெல்லக் கிளம்பியது. அம்மாவிடமே போய்க் கேட்டவர்கள் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவள் எழுந்து நடமாடினாள். மற்ற நாளெல்லாம் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்பா காலையில் போகவேண்டும், சோறு வடிக்க ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடம் போவதை யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது. ஒரு வாரம் என்று இருந்தது, பிறகு யாரும் வாரத்தை எண்ணவில்லை.

அதே சமயம் எனக்குக் கோயிலில் திடப்படுத்தல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அது முடிந்து, பேராயர் வந்து தலையில் கை வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு முதல் திருவிருந்து. முதல் முறை அப்பா அம்மாவோடு சேர்ந்து முழங்கால் போடவேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். என் அம்மா வருவாளா? இந்தக் கேள்வி எந்நேரமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒரு நாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"ஐயரே, திருவிருந்துக்குப் போகாதவங்களுக்கு இன்னா ஆவும்?"

ஐயர் இளவயசுக்காரர், அடுத்த வேலைக்கு மொபெட்டில் ஏறிக்கொண்டிருந்தார். "ஆண்டவரை விட்டுப் பிரிஞ்சா ஆத்துமா செத்ததுக்குச் சமம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக் கிளப்பினார்.

செத்ததுக்குச் சமம். அவருக்கு அது வகுப்புப் பாடம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போச்சு. அம்மா மத்தியானம் கண்ணயர்ந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சூடாக மூச்சு வரும். அடுப்படிக்குப் போவேன். பருப்பு வேகிறதா என்று பார்ப்பதற்குள் மறுபடி பயம் வரும், மறுபடி வந்து விரலை வைப்பேன். ஒரு நாள் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கைல வெங்காய நாத்தம் அடிக்குது. எட்டப் போ."

நான் கேட்டது ஐயருக்கு உறுத்தியிருக்கவேண்டும். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார். அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலைமயிரை அள்ளி முடிந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா திருவிருந்துக்கு வர்றதில்ல?" என்றார் ஐயர்.

"நீங்களே சொல்லுங்க ஐயரே. பேச்சுவார்த்த இல்லாத வூட்ல யாராச்சும் போயி கை நனைப்பாங்களா?"

ஐயருக்குப் புரியவில்லை. "யாரோட பேச்சுவார்த்தை இல்ல? நாத்தனாரோடயா?"

"அவகூட இன்னா சண்ட? நேத்துகூட வந்து மொளகாப்பொடி வாங்கிகினு போனா. நான் அவரோட பேசறதில்ல." அம்மா மேலே ஓட்டைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "எம் புள்ள எளவுக்கு அவரு வர்ல. எளவுக்கு வராத வூட்டோட யாரு ஒறவு வச்சிப்பாங்க? பேசாதவங்க வூட்டுப் பந்தியில போயி கையேந்தறதுக்கு எனக்கு மானம் இல்லியா?"

"அம்மா, அது சாதாரணப் பந்தி இல்லம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். சாதாரணப் பந்தின்னா போயி துன்னுட்டு வந்துருப்பேன்."

"அவர் அங்கதான் இருந்தார். உங்க கூடவேதான் இருந்தார்."

"நான் பாக்கலியே" என்றாள் அம்மா.

ஐயர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அப்பாவிடம், "இருதயம் கடினப்பட்டுப்போச்சு. பெண்கள் சங்கத்த அனுப்புறேன், உபவாச ஜெபம் பண்ணட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தலையாட்டினார். அப்பா யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. முந்தின நாள் வரைக்கும் அடித்துக்கொண்டவர்கள்கூட முதல் பெஞ்சில் போய் வாங்கிச் சாப்பிட்டு வருவார்கள். அந்தப் பந்திக்கு ஒரு மரியாதை கொடுத்து, கோபத்தோடு கை நீட்டக்கூடாது என்று உட்கார்ந்தவள் என் அம்மா. அவளுக்குத்தான் இருதயம் கடினம் என்றார்கள்.

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் உபவாசம் இருக்கிற லெந்து நாட்கள் தொடங்கின. வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் தலைமையில் பெண்கள் வருவார்கள். பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். சத்தம் போட்டு ஜெபிக்கிற பழக்கம் எங்கள் கோயிலுக்கு அப்போதுதான் புதுசாக வந்திருந்தது. அழுகையும் கைதட்டலுமாக ஓடு அதிரும். பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டு, "இன்னாடி, உங்க வூட்ல மைக்கு இல்லாத பொதுக்கூட்டமா? எங்க கோழி முட்டையிட மாட்டேன்னுது" என்பாள்.

முதல் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அம்மா பாயைவிட்டு எழுந்தாள். மாதக்கணக்கில் அடுப்புப் பக்கம் போகாதவள், தானே போய் டீ போட்டாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். வீட்டில் இருந்த தம்ளர்கள் போதாமல் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னாள். தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து நீட்டினாள்.

டீச்சர் இரண்டு கையையும் கூப்பினார். "வேணாம்மா. உபவாசம்."

"ஒரு வாயி."

"தண்ணிகூடப் படக்கூடாதும்மா. உனக்காகத்தானே பட்டினி கிடக்கிறோம்."

அம்மா தட்டோடு திரும்பினாள். பிறகு கொல்லைப்புறம் போய் ஒவ்வொரு தம்ளராகப் பப்பாளி மரத்தடியில் ஊற்றினாள். "அவரும் வரமாட்டாரு, அவரு ஆளுங்களும் கை நனைக்கமாட்டாங்க" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள். ஏலக்காய் மணம் கொல்லை முழுக்க அடித்தது. அடுத்த வாரத்திலிருந்து அவள் டீ போடவில்லை. அவர்கள் நடுவீட்டில் அவளுக்காக அழுவார்கள். அவள் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, யார் பக்கம் போவது என்று தெரியாமல் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வெயில் அப்படி ஒரு வெயில். ஓட்டுக்குக் கீழே சட்டியில் வறுபடுகிற மாதிரி இருந்தது. டீச்சர் அன்றைக்கு முழு மூச்சாக நின்றுகொண்டே ஜெபித்தார். முகமெல்லாம் வேர்வை. "இந்த வீட்டைத் தொடும் ஆண்டவரே, தொடும், தொடும்" என்று கையை மேலே தூக்கியவர், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, வாயல் புடவை காற்றில் உப்ப, பாயில் சாய்ந்துவிட்டார்.

"அல்லேலூயா!" என்று ஒருத்தி கத்தினாள். "ஆவியில விழுந்துட்டாங்க!" மற்றவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். சிலர் அழுதார்கள். இந்த வீட்டில் ஆண்டவர் இறங்கிவிட்டார் என்று ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் வாய் கோணியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

அம்மா வாசற்படியிலிருந்து எழுந்து வந்தாள். கைதட்டிக்கொண்டிருந்த பெண்களை முழங்கையால் ஒதுக்கினாள். டீச்சரின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆவியாவது கூவியாவது! பசிடி! பசி மயக்கம்! நவுருங்கடி, காத்து வரட்டும்!"

பாட்டு நின்றது.

"இன்னாடி பேந்தப் பேந்த முழிக்கற? சக்கரய எட்தா" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தேன். அம்மா டீச்சரின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ரவிக்கை ஊக்கைத் தளர்த்திவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு உதட்டில் விட்டாள். "முழுங்குங்க டீச்சர். இன்னும் கொஞ்சம். என்னப் பாருங்க. இங்கப் பாருங்க." தம்பிக்குக் காய்ச்சலில் கஞ்சி புகட்டியபோது இதே குரலில்தான் பேசினாள். அந்தக் குரல் திரும்ப வருமென்று நான் நினைக்கவேயில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் யார் மடி என்று பார்த்தார். பிறகு தம்ளரை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு முதலில் சொன்னது, "சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூட்டுக்கு வந்தவங்களுக்குக் கொறச்சிப் போடுவாங்களா?"

"உபவாசம் கெட்டுப்போச்சே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"கெட்டா கெடட்டும். நாளிக்குப் பொணமாப் போனா ஆண்டவருக்கு நல்லாருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா தட்டை எடுத்தாள். காலையில் நான் வடித்த சோறு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. டீச்சர் முன்னால் வைத்தாள். டீச்சர் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கண் கலங்கியது. "அன்னைக்குக் கல்லறை வாசல்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"சோத்தத் துன்னுங்க டீச்சர். ஆறிடப்போவுது."

டீச்சர் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். கருவாட்டுக்கு முள் இருக்கிறது என்று குறை வேறு சொன்னார். அவர் சாப்பிடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தராகக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். சோறு போதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாக ஒரு சட்டி கேழ்வரகுக் களியை எடுத்துக் கொடுத்து, "இதுக்கு இன்னா பேரு, உபவாசமா?" என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகுதான் என் பயம் பெரிதானது.

அம்மா பாயில் போய்ப் படுக்கவில்லை. கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. பிறகு சத்தம் ஏறியது. நான் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எதிரே யாரும் இல்லை. கையை நீட்டி நீட்டி, குழாயடியில் சண்டை போடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

"இவள எழுப்பி வுட்ட இல்ல? ஒரு தம்ளரு சக்கரத் தண்ணிக்கு எழுப்பி வுட்ட இல்ல? எம் மடியில தான வச்சிகினு இருந்தேன் அவனையும்? அதே கைதான? நான் இன்னா கொறச்சலா கூப்ட்டேன் உன்ன? வாயத் தொறந்து சொல்லு. இன்னா நெனச்சிகினு கீற நீ?"

ஆண்டவரை நீ என்கிறாள். வாயைத் திறந்து சொல்லு என்கிறாள். இனிமேல் இடி விழும், ஓடு பிளக்கும், என்ன வேண்டுமானாலும் நடக்கும். அவர் காதில் இது விழக்கூடாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அலுமினியக் குண்டானைத் தூக்கிக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தேன். டங் டங் என்று, கை வலிக்கிற அளவுக்கு. அம்மா சத்தம் ஏற ஏற நானும் ஓங்கி ஓங்கித் தட்டினேன். அழுதுகொண்டே தட்டினேன்.

"யாருடி அது தட்றது?" என்று அம்மா திரும்பிக் கத்தினாள். "பேசிகினு இருக்கேன் இல்ல?"

"யார் கூடமா?"

"இன்னா கேள்வி இது? அவரு கூடத்தான்."

சொன்ன பிறகு அவளே ஒரு நிமிஷம் நிறுத்தினாள். தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி முகம் ஆனது. பிறகு கல்லிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள். அவன் போனதிலிருந்து அன்றுதான் அழுதாள். நான் குண்டானோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா வாடை தெருமுனையில் வந்தபோதும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அப்பா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, சட்டைகூடக் கழற்றாமல், அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தலையாட்டவில்லை.

என் வயசுக்காரர்களே, ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதோடு அம்மா சரியாகிவிட்டாள், பழைய மாதிரி ஆகிவிட்டாள் என்று நான் எழுதினால் பொய். அதற்குப் பிறகும் சில மாதங்களில் அவள் திருவிருந்துக்கு எழுந்திருக்கமாட்டாள். தம்பி பிறந்த மாதம் வந்தால் முழங்கால் ஒதுங்கிவிடும். புதுசாக வந்த ஐயர்கள் பதறுவார்கள். பழைய ஆட்கள், "அவங்களுக்குள்ள ஏதோ பேச்சு நடக்குது, விடுங்க" என்பார்கள். அடுத்த மாதம் எழுந்து போவாள். மனம் திரும்புவது என்றால் ஒரே தரம் திரும்பி நிற்பது என்றுதான் எனக்கு வகுப்பில் சொன்னார்கள். அம்மா திரும்பியது வேறு மாதிரி. கோபித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், வீட்டைப் பார்க்கத் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி. ஆனால் பேச்சு மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நிற்கவேயில்லை. அடுப்படியில் பேசுவாள், பஸ் ஸ்டாண்டில் பேசுவாள். சண்டை பாதி, சமாதானம் பாதி. பாயில் சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றுவிட்டது. அவளுக்குச் சுகமானது என்று இதைச் சொல்லலாமா? நான் சொல்வேன்.

எனக்கும் ஒரு காலம் வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு, கோயிலில் வாய் மட்டும் அசைந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பயத்திலேயே வளர்ந்தவள், ஆண்டவரிடம் கோபப்படவும் பயம். கடைசியில் ஒரு நாள் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் வராமல் காத்திருந்தபோது, அம்மா மாதிரியே ஆரம்பித்தேன். "இன்னா நெனச்சிகினு கீற நீ?" பக்கத்தில் இருந்த பையன் போனில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான். இடி விழவில்லை. ரயில்தான் வந்தது. எனக்குப் பதட்டம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இதோ, மறுபடி எழுந்து போய் கேஸைப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் போகும்போது அவரிடம் புலம்பிக்கொண்டே போகிறேன். தனியாகப் போகவில்லை.

முதல் திருவிருந்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பேராயர் முந்தின நாளே வந்து எங்கள் தலையில் கை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு, இல்லை என்றுவிட்டால்? அன்று காலையில் அவள் டீ குடிக்கவில்லை. திருவிருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போவார்கள். அதனால்தான் குடிக்கவில்லையா, இல்லை தலைவலியா? வழி முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்து, கல் தடுக்கி விழப்போனேன். எனக்கு இரவல் வெள்ளைத் தாவணி, குத்தியிருந்த ஊசி ஒன்று இடுப்பில் கீறிக்கொண்டேயிருந்தது. எங்களை முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெற்றவர்கள் அவரவர் இடத்தில். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். எழுந்து போய்க் கிராதியின் முன்னால் முழங்கால் போட்டேன். தென்னைநார் மெத்தை முட்டியில் குத்தியது. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா வந்து எனக்கு வலது பக்கம் முழங்கால் போட்டார். இடது பக்கம் காலியாக இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது. மற்றவர்களுக்கு எப்படியோ.

இடது பக்கம் புடவை உரசியது. துவைக்கிற சோப்பு வாசனை. அம்மா.

அவள் முழங்கால் போட்டாள். இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினாள். சாம்பலும் சோப்பும் வெடிக்கவைத்த உள்ளங்கை. உதடு அசைந்தது. இங்கேயும் சண்டை போடப்போகிறாளா? காதைச் சாய்த்துக் கேட்டேன்.

"மிச்சத்த வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐயர் அவள் முன்னால் வந்து ஒரு கணம் நின்றார். பிறகு அப்பத்தை அவள் கையில் வைத்தார். அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடு சாப்பிட்டால் என்ன ஆகும்? கீழே விழுவாளா? மூச்சு நிற்குமா? மென்றாள். விழுங்கினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது. இன்னும் ஒரு தரம் ஏறட்டும், பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

முழங்கை ஒன்று என் விலாவில் இடித்தது. நிமிர்ந்தேன். ஐயர் அப்பத்தோடு என் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"அவர எத்தினி நேரம் நிக்க வப்ப?" என்றாள் அம்மா. "கைய நீட்டுடி."

நீட்டினேன்.